முதுகுப் பட்டையும் மூன்று மாதப் பொறுமையும்

(பிரிஞ்சாங்கில் நடைபெற்ற தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் தேயிலைத் தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)

எனக்கு முன்னே பேசியவர்கள் சம்பளத்தைப் பற்றியும் வீட்டு வசதியைப் பற்றியும் விளக்கமாகப் பேசினார்கள். நான் பேசப் போவது உடம்பிலே கட்டிக்கொள்ளும் ஒரு பொருளைப் பற்றி. முதுகெலும்பில் ரண சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு ஆஸ்பத்திரியில் ஒரு பட்டை கொடுக்கிறார்கள். நம்மவர்கள் அதை "பெல்ட்டு" என்கிறார்கள். இந்தப் பெல்ட்டு சங்கக் கூட்டத்தில் பேசத்தக்க விஷயமா என்று சிலர் நினைக்கலாம். பேசத்தக்க விஷயந்தான். நம்முடைய லயங்களில் அதைக் கட்டிக்கொண்டு வருகிறவர்களை நாம் பார்க்கிறோம். ஒரு சாரார் நாலாவது வாரமே அதை அவிழ்த்து ஆணியில் மாட்டிவிட்டுப் பிரட்டுக் களத்துக்கு வந்துவிடுகிறார்கள். இன்னொரு சாரார் வருஷம் ஒன்றாகியும் அதைக் கழற்ற அஞ்சுகிறார்கள். இரண்டு பேரும் உடம்பைக் கெடுத்துக்கொள்கிறார்கள். முதல் சாராரை விரட்டுவது வயிற்றுப்பாடு. இரண்டாம் சாராரை விரட்டுவது பயம். இரண்டுக்கும் மருந்து உண்டு என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

நான் வைத்தியன் அல்ல. தமிழ்ப் பள்ளியில் படித்துத் தோட்டத்து ஆபீசில் செக்ரோல் எழுதுகிறவன். சென்ற ஆண்டு மழை நாளில், வேலை நேரத்தில், ஈரம் பிடித்த மண்படியில் சறுக்கி உட்கார்ந்த வாக்கில் விழுந்தேன். இடுப்புப் பகுதியின் முதல் எலும்பு நொறுங்கிவிட்டது. திருகாணியும் கம்பியும் வைத்து எலும்பை நிறுத்தினார்கள். 12 வாரம் பட்டை கட்டியிருந்தேன். அந்த 12 வாரத்தில் வைத்தியரிடமும் பயிற்சி கொடுத்த அம்மையாரிடமும் கேட்டு அறிந்தவற்றையும், பிறகு தேடிப் படித்தவற்றையும் உங்கள் முன் வைக்கிறேன்.

எலும்பு கூடுவதற்குக் காலம் வேண்டும்

நம் முதுகெலும்பு ஒரே எலும்பு அல்ல. கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, இடுப்புப் பகுதியில் 5, ஆக 24 எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கின்றன. அதற்குக் கீழே இடுப்போடு சேர்ந்த எலும்பு இருக்கிறது. எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே மெத்தை போன்ற வட்டு இருக்கிறது. நடுவிலுள்ள குழாய் வழியாக நரம்புத் தண்டு இறங்குகிறது. கால் நடப்பதும், சிறுநீர் கழிவதும் அந்த நரம்புகளைக் கொண்டுதான்.

ரண சிகிச்சையிலும் பல வகை உண்டு. பிதுங்கிய வட்டிலிருந்து ஒரு துண்டை மட்டும் எடுப்பது ஒரு வகை. அப்படிச் செய்தவர்களுக்குப் பல சமயங்களில் பட்டையே வேண்டியிருப்பதில்லை. இரண்டு மூன்று எலும்புகளைத் திருகாணியும் கம்பியும் போட்டுப் பிணைத்து, அவற்றை ஒன்றாக ஒட்டச் செய்வது இன்னொரு வகை. இங்கேதான் நன்றாகக் கவனிக்க வேண்டும். கம்பி போட்ட அன்றே எலும்பு ஒட்டிவிடுவதில்லை. எலும்பு கூடும் வரை தாங்கிப் பிடிப்பதே கம்பியின் வேலை. எலும்பு கூடுவதற்குச் சில மாதங்கள் ஆகும். சிலருக்கு ஒரு வருஷம்கூட ஆகும். கூடாத எலும்பின்மேல் பாரத்தை ஏற்றினால் திருகாணி தளரலாம், கம்பி முறியலாம். பிறகு இன்னொரு ஆபரேஷன்.

பால்வெட்டுத் தோழர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. வெட்டிய மரப்பட்டை மறுபடி வளரும் வரை ஆண்டுக்கணக்கில் அதைத் தொடாமல் விடுகிறோம். முதிராத புதுப்பட்டையில் கத்தி வைத்தவனை மண்டோர் சும்மா விடுவாரா? எங்கள் தேயிலையிலும் கவ்வாத்து வெட்டிய செடியில் உடனே கொழுந்து எடுப்பதில்லை. மரத்துக்கும் செடிக்கும் கொடுக்கிற அவகாசத்தை மனிதனுடைய முதுகுக்கும் கொடுக்க வேண்டும்.

பட்டை செய்கிற வேலை என்ன?

பட்டை எலும்பை ஒட்ட வைப்பதில்லை. குனிவதையும் இடுப்பைத் திருப்புவதையும் அது ஓரளவு தடுக்கிறது. அதைவிட முக்கியமாக, நாம் மறந்து குனியப் போகும்போது விலாவிலே இடித்து, "குனியாதே" என்று ஞாபகப்படுத்துகிறது. முதுகின் அசைவை முழுமையாக நிறுத்தும் பட்டை எதுவும் கிடையாது. ஆகவே, "பெல்ட்டுக் கட்டியிருக்கிறேனே, இந்த வாளியைத் தூக்கினால் என்ன?" என்று கேட்பது தவறு. பட்டை கட்டியிருப்பதே தூக்கக் கூடாது என்பதற்கு அடையாளம்.

துணியும் ரப்பரும் கலந்த மெல்லிய இடுப்புப் பட்டை உண்டு. பின்பக்கம் உலோகத் தகடு வைத்த பட்டை உண்டு. மார்பிலிருந்து இடுப்பு வரை இரண்டு ஓடுகளாகப் பிளாஸ்டிக்கில் செய்து, முன்னும் பின்னும் சேர்த்துக் கட்டும் கவசமும் உண்டு. எந்த எலும்பு, என்ன சிகிச்சை என்பதைப் பார்த்து வைத்தியர் தீர்மானிக்கிறார். அடுத்த லயத்து அண்ணனின் பட்டையை இரவல் வாங்கிக் கட்டாதீர்கள். மேல் எலும்பு முறிந்தவர் இடுப்புப் பட்டை கட்டினால் அது முறிவுக்கு எட்டாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "பக்கத்துப் படுக்கைக்காரருக்குப் பெல்ட்டுக் கொடுத்தார்கள், எனக்குக் கொடுக்கவில்லை, ஏழை என்று ஒதுக்கிவிட்டார்கள்" என்று சிலர் மனம் நோகிறார்கள். காரணம் அதுவல்ல. எல்லாருக்கும் பட்டை வேண்டுமா என்பதில் வைத்தியர்களிடையே ஒரே கருத்து இல்லை. கவசத்தைப் பற்றி உலகத்தில் பல பரீட்சைகள் நடந்திருக்கின்றன. முதுகெலும்பில் காசநோய் கண்டவர்களை ஒரு காலத்தில் மாதக்கணக்கில் மாவுக்கட்டுக் கவசத்துக்குள் அடைத்து வைப்பார்கள். தென் கொரியாவின் பூசான் நகரில் இந்த நோய் கண்ட பிள்ளைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மருந்தோடு 9 மாதம் மாவுக்கட்டுக் கவசமும், மற்றப் பிரிவுக்கு மருந்து மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 1973ஆம் ஆண்டு வெளிவந்தது. கவசத்தால் கூடுதல் நன்மை இல்லை, குணப்படுத்தியது மருந்துதான் என்று கண்டார்கள். நம் சென்னையில் நடந்த ஆராய்ச்சியிலும், படுக்கையில் கிடக்காமல் நடமாடிக்கொண்டே 6 மாதம் அல்லது 9 மாதம் ஒழுங்காக மருந்து உண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் குணமடைந்தார்கள். 2014ஆம் ஆண்டு கனடாவில் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று, நரம்பு சேதமில்லாமல் முதுகெலும்பு நொறுங்கி, ஆபரேஷன் இல்லாமலே சிகிச்சை பெற்றவர்களைப் பற்றியது. அவர்களில் கவசம் கட்டியவர்களும் கட்டாதவர்களும் ஒரே அளவில் தேறினார்கள்.

இதைக் கேட்டுவிட்டு யாரும் இன்றிரவே பட்டையைக் கழற்றி எறிந்துவிடாதீர்கள்! அந்த நோயாளிகளின் நிலை வேறு, உங்கள் நிலை வேறாக இருக்கலாம். உங்கள் எலும்பின் படத்தைப் பார்த்தவர் உங்கள் வைத்தியர் ஒருவரே. அவரிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள். எத்தனை வாரம் கட்ட வேண்டும்? படுக்கும்போது கட்ட வேண்டுமா? குளிக்கும்போது கழற்றலாமா? எவ்வளவு பாரம் தூக்கலாம்? பதிலை ஒரு காகிதத்தில் எழுதி வாங்குங்கள். மலாய் மொழியில் எழுதினால் நாங்கள் கிராணிமார்கள் படித்துச் சொல்கிறோம். கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள்.

கட்டும் முறை

கவசத்தை வெறும் உடம்பில் கட்டக் கூடாது. உள்ளே ஒட்டிய பருத்திப் பனியன் போட்டு, சுருக்கம் இல்லாமல் இழுத்துவிட்டுக் கட்ட வேண்டும். சுருக்கம் ஒன்று இருந்தால் சாயங்காலத்துக்குள் அங்கே தோல் கன்றிவிடும். பனியனுக்குள் எண்ணெய், பவுடர், தைலம் எதுவும் வேண்டாம். தினமும் ஒருமுறை வீட்டிலுள்ளவர்களை முதுகைப் பார்க்கச் சொல்லுங்கள். சிவந்த இடம் அரை மணி நேரத்தில் மறையாவிட்டால் கவசம் அழுத்துகிறது என்று பொருள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சரிசெய்ய வேண்டும். துணியைத் திணித்து நாமே வைத்தியம் பார்க்கக் கூடாது.

பிரிஞ்சாங்கில் குளிருக்கும் பனிக்கும் ஈரத்துணி இரண்டு நாளானாலும் காய்வதில்லை. ஈரப் பனியனோடு கவசம் கட்டினால் தோல் ஊறிப் புண்ணாகும். ஆகவே மூன்று நான்கு பனியன் வைத்துக்கொள்ளுங்கள். கவசத்தைச் சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து நிழலில் உலர்த்துங்கள். அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தால் பிளாஸ்டிக் வளைந்துவிடும். கீழ்த் தோட்டங்களில் உள்ளவர்களுக்கு எதிரி வெயிலும் வியர்வையும். அவர்கள் பனியனை ஒரு நாளில் இரண்டு முறை மாற்ற வேண்டியிருக்கும்.

படுக்கையிலிருந்து எழும்போது நேராக நிமிர்ந்து எழக் கூடாது. தோளும் இடுப்பும் சேர்ந்து, மரக்கட்டை உருளுவது போல ஒரு பக்கமாக உருள வேண்டும். பிறகு காலைக் கீழே தொங்கவிட்டுக் கையை ஊன்றி எழ வேண்டும். பிளாஸ்டிக் கவசத்தைப் பெரும்பாலும் படுத்தபடியே கட்டச் சொல்வார்கள். அதற்கு வீட்டில் இன்னொருவரின் கை வேண்டும். ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே அந்த இன்னொருவர் கட்டப் பழகிக்கொள்ளட்டும். வீட்டுக்கு வந்த பிறகு எந்த வார் எதன்மேல் வரும் என்று தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

நம் ஊர்ப் பாதையையும் நினைக்க வேண்டும். தானா ராத்தாவில் அரசாங்க ஆஸ்பத்திரி இருக்கிறது. ஆனால் முதுகெலும்பு போன்ற பெரிய சிகிச்சைக்கு ஈப்போ போன்ற பெரிய ஊர்களுக்கு இறங்க வேண்டியிருக்கிறது. திரும்பும்போது தாப்பா வழியானாலும் சிம்பாங் பூலாய் வழியானாலும் வளைவுக்கு மேல் வளைவு. தாப்பாவிலிருந்து தானா ராத்தா வரைக்கும் மட்டும் ஏறத்தாழ 60 கிலோமீட்டர். ரண சிகிச்சை செய்தவரை லாரியிலோ மோட்டார் சைக்கிளிலோ ஏற்றாதீர்கள். காரின் முன் ஆசனத்தைச் சற்றுச் சாய்த்து உட்காரவைத்து, இடையிடையே நிறுத்தி, இறக்கி நாலடி நடக்கவிட்டு அழைத்து வாருங்கள்.

லயத்தில் வாழும் நாட்கள்

மறக்கக் கூடாத விதி மூன்று. குனியாதே. தூக்காதே. இடுப்பைத் திருப்பாதே. கீழே விழுந்ததை எடுக்க வேண்டுமானால் பிறரைக் கூப்பிடுங்கள். ஒரே இடத்தில் அரை மணி நேரத்துக்கு மேல் உட்காராதீர்கள். தினமும் நடங்கள். நடை ஒன்றுதான் பட்டைக் காலத்தில் எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளும் பயிற்சி. மலைத்தோட்டத்தில் சமதரை அகப்படுவது அரிது. தொழிற்சாலை முற்றமோ, கோவில் வாசலோ, பள்ளித் திடலோ பார்த்து முதலில் 5 நிமிஷம், பிறகு 10 நிமிஷம் என்று கூட்டுங்கள்.

குந்தி உட்காரும் கக்கூஸ் பெரிய சங்கடம். இதை வெளியே சொல்ல நம்மவர்கள் கூச்சப்படுகிறார்கள். கூச்சத்தால் தண்ணீர் குடிப்பதைக் குறைத்து, சாப்பாட்டைக் குறைத்து, மலச்சிக்கலை வரவழைத்துக்கொள்கிறார்கள். முக்கினால் முதுகு வலிக்கும். நடுவில் துளையுள்ள நாற்காலி ஒன்று வாங்கி வைத்தால் பாதிச் சங்கடம் தீரும். கீரையும் பழமும் இந்த மலையில் நாம் பயிரிடுவதுதான். தாராளமாகச் சாப்பிடுங்கள்.

புகை பிடிக்கும் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. சிகரெட்டிலுள்ள நிக்கோட்டின் எலும்பு கூடுவதைத் தடுக்கிறது. பட்டையை இறுகக் கட்டிக்கொண்டு வாயில் சிகரெட்டை வைப்பது, ஒரு கையால் செடியை நட்டு மறுகையால் பிடுங்குவது போன்றது. அதைப் போலவே, தைலம் தேய்த்து முதுகை உருவிவிடுகிறேன் என்று வருகிறவர்களுக்கும் கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள். கம்பி வைத்த முதுகு உருவுவதற்கு உரியதல்ல.

தாய்மார்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். ஆண்மகன் பட்டை கட்டி வந்தால் வீடே அவனைத் தாங்குகிறது. என்னையும் என் மனைவியும் தாயாரும் அப்படித்தான் தாங்கினார்கள். ஆனால் பட்டை கட்டிய பெண்ணோ மூன்றாம் நாளே அடுப்படியில் நிற்கிறாள். எங்கள் தோட்டத்துக் கொழுந்துக்கார அக்கா ஒருவரைப் பார்க்கப் போனபோது, கவசத்தோடு துணிவாளியைத் தூக்கிக்கொண்டிருந்தார். "என்னக்கா இது, எம்.சி.யில் இருக்கிறீர்களே?" என்றேன். "தம்பி, எம்.சி. தோட்டத்துக்குத்தானே. இந்த வீட்டுக்கு எந்த டாக்டர் எம்.சி. எழுதுவார்?" என்றார். சகோதரர்களே, அந்தக் கேள்விக்கு நாம் ஒவ்வொருவரும் நம் வீட்டில் பதில் சொல்லியாக வேண்டும். அந்த மூன்று மாதத்துக்குத் துணி துவைப்பதும், அரிசி மூட்டை இறக்குவதும், பிள்ளையைத் தூக்குவதும் ஆண்கள் வேலை என்று ஏற்றுக்கொள்ளுங்கள்.

காலைக்குள் பார்க்கலாம் என்று தள்ளிப்போடக் கூடாத அறிகுறிகளும் உண்டு. காலில் புதிதாகப் பலம் குறைதல். தொடைகளுக்கு நடுவே மரத்துப் போதல். சிறுநீர் வராமல் அடைத்தல், அல்லது அறியாமல் போதல். ஜுரத்தோடு காயத்தில் நீரோ சீழோ கசிதல். கெண்டைக்கால் வீங்கி வலித்தல். திடீரென்று மூச்சுத் திணறல், மார்புவலி. இவற்றில் ஒன்று வந்தாலும் இரவு பகல் பாராமல் 999க்கு அழைத்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கழற்றுவதற்கும் தைரியம் வேண்டும்

வைத்தியர் படம் பிடித்துப் பார்த்து, "இனி வேண்டாம்" என்றதும் பட்டையை விட வேண்டும். இது எனக்குக் கட்டுவதைவிடக் கடினமாக இருந்தது. பட்டை இல்லாமல் எழுந்து நின்றால் உடம்பு இரண்டாக மடிந்துவிடும் போலத் தோன்றியது. மடியவில்லை. பயிற்சி கொடுத்த அம்மையார் காரணத்தைச் சொன்னார். பட்டை தாங்கிக்கொண்டிருந்த காலத்தில் வயிற்றுத் தசையும் முதுகுத் தசையும் வேலையில்லாமல் தளர்ந்துவிடுகின்றன. அவற்றை மறுபடி வேலைக்குக் கூப்பிட வேண்டும். முதல் நாள் ஒரு மணி நேரம், பிறகு இரண்டு மணி நேரம் என்று கழற்றி, சொல்லிக்கொடுத்த பயிற்சிகளைச் செய்து, இரண்டு வாரத்தில் முழுவதும் விட்டேன்.

அமெரிக்க ஜனாதிபதி ஜான் கென்னடியை நீங்கள் அறிவீர்கள். அவருக்கு 1944ஆம் ஆண்டு முதுகில் ஒரு ஆபரேஷன் நடந்தது. 1954இல் உலோகத் தகடு வைத்து எலும்பைப் பிணைத்தார்கள். அதில் சீழ் வைத்து, 1955இல் தகட்டை எடுத்துவிட்டார்கள். ஜனாதிபதியான பிறகும் அவர் முதுகுப் பட்டை கட்டியிருந்தார். 1961இல் ஹான்ஸ் கிராஸ் என்ற வைத்தியர் அவருக்கு ஒழுங்கான உடற்பயிற்சி கொடுத்து, தசைகளைப் பலப்படுத்தி, வலியைக் குறைத்தார். உலகத்தின் சிறந்த வைத்தியர்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தவருக்கும் தசையின் வேலையைப் பட்டை செய்து கொடுக்கவில்லை. நமக்கு மட்டும் செய்து கொடுக்குமா?

இதோடு சேர்ந்த இன்னொரு ஏமாற்று உண்டு. ஆரோக்கியமான தொழிலாளிக்கு இடுப்புப் பட்டை ஒன்றைக் கொடுத்து, "இதைக் கட்டிக்கொண்டு தூக்கு, முதுகுக்கு ஒன்றும் ஆகாது" என்று சில இடங்களில் சொல்கிறார்கள். அமெரிக்க அரசாங்கத்தின் தொழில் பாதுகாப்பு ஆராய்ச்சிக் கழகம் 1994ஆம் ஆண்டே, பட்டை முதுகுக் காயத்தைத் தடுக்கும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று அறிவித்தது. பின்னர் 160 பெரிய கடைகளில் பாரம் தூக்கும் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களை விசாரித்து, 2000ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டது. பட்டை கட்டியவர்களுக்கு முதுகுவலி குறையவில்லை. முதுகைக் காக்க வேண்டுமானால் மூட்டையின் எடையைக் குறைக்க வேண்டும், படியைச் சீர்படுத்த வேண்டும், இன்னொரு ஆளைத் துணைக்குப் போட வேண்டும். ஆளுக்கொரு பெல்ட்டுக் கொடுத்துக் கணக்கை முடிக்க முடியாது.

வயிற்றுப்பாட்டுக்கு வழி

இப்போது முதல் சாராருக்கு வருகிறேன். நாலாவது வாரம் பட்டையைக் கழற்றுகிறவன் முட்டாள் அல்ல. கடைக்காரர் கணக்கும் பிள்ளையின் பள்ளிச் செலவும் அவனைத் தள்ளுகின்றன. முன்பு வேலையில் அடிபட்டவனுக்கு 1952ஆம் ஆண்டின் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டமே கதியாக இருந்தது. 1969ஆம் ஆண்டு தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1971 முதல் சொக்சோ இயங்குகிறது. நம் சம்பளத்திலிருந்து மாதா மாதம் பிடிக்கிறார்களே, அந்தச் சொக்சோதான்.

வேலையில் நேர்ந்த விபத்தினாலோ, வீட்டுக்கும் வேலைக்கும் போய்வரும் வழியில் நேர்ந்த விபத்தினாலோ வைத்தியர் 4 நாளுக்குக் குறையாமல் எம்.சி. கொடுத்தால், அந்த எம்.சி. உள்ள வரைக்கும் தற்காலிக ஊன உதவித்தொகை உண்டு. அது சொக்சோ கணக்கிடும் சராசரி நாட்கூலியில் 80 விழுக்காடு. கணக்குக்கு நாள் ஒன்றுக்கு 50 வெள்ளி என்று வைத்தால் 40 வெள்ளி. ஆனால் பட்டையோடு வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்கிய நாளுக்கு இந்தத் தொகை கிடையாது. ஆகவே அவசரப்பட்டு ஓடுகிறவன் முதுகையும் இழந்து, உரிமையையும் இழக்கிறான். ஊனம் நிலைத்துவிட்டால் அதற்கு வேறு உதவி உண்டு. தகுதி பெற்றவர்களுக்கு உடற்பயிற்சி சிகிச்சையும், தாங்கு கருவிகளும் சொக்சோவின் மறுவாழ்வு வசதியில் அடங்கும். மலாக்காவில் துன் ரசாக் மறுவாழ்வு நிலையத்தை 2014 முதல் சொக்சோ நடத்துகிறது. மறுபடி வேலைக்குத் திரும்ப உதவும் திட்டம் 2007 முதல் நடக்கிறது. நம்மோடு கொழுந்து வெட்டும் வங்காளதேச, நேப்பாள, இந்தோனேசியத் தோழர்களுக்கும் வேலை விபத்துப் பாதுகாப்பு 2019 ஜனவரி 1 முதல் உண்டு. அவர்களில் பலருக்கு இது தெரியாது. தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

விபத்தில்லாமல், தேய்மானத்தாலோ நோயாலோ முதுகில் ஆபரேஷன் நடந்தால் என்ன செய்வது? 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டிய நோய்க்கு வருஷத்தில் 60 நாள் வரை சம்பளத்தோடு விடுப்பு உண்டு. 2023 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, சாதாரண நோய் விடுப்பு நாட்களை இந்த 60இலிருந்து கழிப்பதில்லை. வேலையே இனிச் செய்ய முடியாத நிலையானால் சொக்சோவின் இயலாமைத் திட்டம் இருக்கிறது.

இங்கே என் சக கிராணிமார்களோடு கொஞ்சம் பேச வேண்டும். ஒரு தொழிலாளி விழுந்தால் முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். அந்த அறிவிப்பு நம் பேனாவிலிருந்துதான் புறப்படுகிறது. விழுந்தவர் பெயருக்கு நேரே செக்ரோலில் வெறும் "சீக்கு" என்று நாம் எழுதிவிட்டால், ஆறு மாதம் கழித்து அது வேலை விபத்து என்று நிரூபிக்க அந்த மனிதர் சாட்சி தேடி அலைய வேண்டும். எந்த நம்பர் தோட்டம், எத்தனை மணி, பார்த்தவர் யார், எப்படி விழுந்தார் என்று அன்றைக்கே எழுதுங்கள். "சின்ன அடிதானே, எழுத வேண்டாம்" என்று மேலே இருந்து ஒரு வார்த்தை வரலாம். முதுகில் பட்ட அடி சின்னதா பெரிதா என்பதை எக்ஸ்ரே சொல்லட்டும். நாம் சொல்ல வேண்டாம்.

அடுத்தது "லேசான வேலை". நான் பட்டையோடு இருந்த ஐந்தாவது வாரம், பொறுப்பிலிருந்த ஒருவர் வீட்டுக்கு வந்து, "கிராணியாரே, கொழுந்து நிறுக்கும் இடத்தில் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும்" என்றார். நல்ல எண்ணத்தோடு சொல்லியிருக்கலாம். ஆனால் நிறுக்கும் இடத்தில் யாரும் சும்மா உட்காருவதில்லை. மூட்டையைச் சரிக்க வேண்டும், தராசுக்குக் குனிய வேண்டும். பால் நிறுக்கும் இடத்திலும் அப்படியே. "டாக்டர் எழுதித் தந்தால் வருகிறேன்" என்று சொல்லி அனுப்பினேன். லேசான வேலை கூடாது என்று நான் சொல்லவில்லை. காலம் வந்தபோது அது உடம்புக்கும் மனதுக்கும் நல்லது. ஆனால் எவ்வளவு எடை, எத்தனை மணி நேரம், குனியலாமா, ஏறலாமா என்று வைத்தியர் எழுதிய கடிதம் கையில் இருக்க வேண்டும். அந்த அளவுக்குள்தான் வேலை கொடுக்க வேண்டும். பால்வெட்டுத் தோழர் ஒருவர் திரும்பும்போது, தாழ்ந்த வெட்டு உள்ள மரங்களையும், இரண்டு வாளி காண்டா தூக்குவதையும் முதல் நாளே அவர் தோளில் வைத்தால் அதற்குப் பெயர் லேசான வேலை அல்ல.

கிளைக்கு என் வேண்டுகோள்

தலைவர் அவர்களே, நம் கிளை மூன்று காரியங்களை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்று, தோட்டத்துக்கு ஒருவர் விபத்துக் கணக்கைக் கவனிக்க வேண்டும். யாராவது விழுந்தால் அன்று மாலைக்குள் அவர் பெயர் எழுதப்பட்டதா, சொக்சோவுக்குப் போயிற்றா என்று விசாரிப்பது அவர் பொறுப்பு.

இரண்டு, துளையுள்ள நாற்காலி இரண்டும், பிடித்து நடக்கும் சட்டம் இரண்டும் வாங்கிச் சங்க ஆபீசில் வைக்க வேண்டும். தேவைப்பட்டவர் எடுத்துப் போய், தேறியபின் திருப்பிக் கொடுக்கட்டும். இரவல் கொடுக்கக் கூடாதது பட்டை. இவற்றை இரவல் கொடுக்கலாம்.

மூன்று, பட்டை கட்டியவர் இருக்கும் வீட்டுக்கு வாரம் ஒருமுறையாவது சங்கத்தார் போய்வர வேண்டும். எம்.சி. முடிகிற தேதி, அடுத்த கிளினிக் தேதி, வந்த பணம், வராத பணம் எல்லாவற்றையும் கேட்டு எழுதி வர வேண்டும். ஆண்கள் துணி துவைக்கிறார்களா என்பதையும் பார்த்து வரலாம்!

தோழர்களே, எலும்பு கூடுவதற்கு மூன்று மாதம் வேண்டுமென்றால், அந்த மூன்று மாதத்தையும் ஒரு தனி மனிதன் தன் பொறுமையால் மட்டும் வாங்கிவிட முடியாது. அவன் வீட்டில் அரிசி இருக்க வேண்டும். அவன் பெயர் கணக்கில் சரியாக இருக்க வேண்டும். திரும்பி வரும்போது அவன் இடம் அவனுக்கு இருக்க வேண்டும். பட்டையைக் கட்டுவது அவன் கடமை. மற்ற மூன்றையும் பார்ப்பது நம் கடமை. இந்தக் கடமையைச் செய்ய நம் கிளை தயார் என்று இன்றைக்கே தீர்மானம் எழுதுமாறு கேட்டு, விடைபெறுகிறேன்.